பதினாயிரத்து எண்பது எண்களால் வகுபடும் ஓரெண்

(போடிநாயக்கனூரில் ஆற்றிய உரை)



போடிமெட்டினின்று ஏலக்காய் மூட்டை இறங்கும் இவ்வூரில் பங்கு பிரித்தலை எவர்க்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. மூட்டை 13 ஆயின் ஒருவரே முழுதும் கொள்ளலாம், அன்றேல் பதின்மூவர் ஆளுக்கொன்றாய்க் கொள்ளலாம், வேறு வழியில்லை. ஒன்று குறைந்து 12 ஆயினோ, இருவர், மூவர், நால்வர், அறுவர் என எத்திறத்தார் வரினும் மூட்டையை அவிழாமலே பங்கிடலாம். 1, 2, 3, 4, 6, 12 என அதற்கு வகுத்திகள் ஆறு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய எல்லா எண்களையும் வகுத்தித் தொகையால் விஞ்சி நிற்பதை மிகுபகு எண் என்க.

இவ்வெண்களின் இயல்பை விரிவாக ஆய்ந்தவர், ஈரோட்டில் 1887-இல் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன். குடந்தைக் கல்லூரியில் கணக்கொழிந்த பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தவர் அவர். இலண்டன் கணக்கியல் கழக வெளியீட்டில் 1915-இல் வந்த அவ்வாய்வே, 1916-இல் அவருக்குக் கேம்பிரிட்சுப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. ஆங்கிலத்தில்தான் எழுதினார், மறைப்பதற்கில்லை. ஆயின் அதன் உட்பொருள் ஆங்கிலத்திற்கே உரியதா? உயர்கணக்கைத் தாங்கத் தமிழுக்கு வலியில்லை என்று, தமிழ் கற்பித்து உண்பாரிலும் சிலர் சொல்லித் திரிகின்றனர். அவர் தந்த அட்டவணையின் ஈற்றெண்ணையே எடுத்துக்கொள்வோம்: 6746328388800. ஆறு நூறாயிரத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே, எண்பத்து மூன்று நூறாயிரத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு.

இதனைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். வகுத்தியொன்றை ஆக்குங்கால் 2-ஐ முற்றும் விடலாம். ஆறு முறை வரை கொள்ளலாம். ஆக ஏழு வழி. அவ்வாறே 3-க்கு ஐந்து. 5-க்கும் 7-க்கும் மும்மூன்று. எஞ்சிய ஐந்திற்கும் இவ்விரண்டு. அனைத்தையும் பெருக்கினால் 10080. அத்தனை வகுத்திகள்! 1 முதல் 28 வரை எவ்வெண்ணாலும் இது மீதியின்றி வகுபடும்; 29-இல்தான் முதன்முதல் தடைப்படும். தமிழர் கீழ்வாயிலக்கத்தில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அந்த 320-ஆலும் வகுபடும்.

முறைகள் 6, 4, 2, 2, 1 என ஏறாமல் வருவதையும் நோக்குக. சிறிய பகா எண், பெரியதனினும் குறைந்த முறை வாராது. வருமாயின், இரண்டின் முறைகளையும் மாற்றிவைத்து, வகுத்தித் தொகை குறையாமலே சிறிய எண்ணொன்றைப் பெற்றுவிடலாமே! ஈற்றுப் பகா எண் ஒரு முறைதான் வரும் என்பதையும் இராமானுசன் நிறுவினார். 4-உம் 36-உம் மட்டுமே விலக்கு.

கணிப்பொறியில்லாக் காலத்தில் கையாற் கணித்த அவ்வட்டவணையில் ஓரெண் விடுபட்டுப்போயிற்று. அது 293318625600, அதன் வகுத்திகள் 5040. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையுமென அஞ்சுவோர் அவர் கணக்கைப் படிக்காதவர். விடுபட்ட அவ்வெண்ணை 23-ஆற் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் ஈற்றெண்ணே வந்து நிற்கும். தாளும் எழுதுகோலும் போதும். இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளை தமிழிலேயே போட்டுவிடுவான்.