நெசவாளர் இல்லத்தில் கதிரொளி

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணிக்குப் பெருமை சேர்ப்பது பட்டு. புவிசார் குறியீடு பெற்ற அப்பட்டு பிறக்கும் இடம் நெசவாளர் குடியிருக்கும் வீடே. ஒருவர் தறிக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்வார். மற்றொருவர் ராட்டையில் தார் சுற்றுவார். குடும்பமே கூடி உழைத்தால்தான் ஒரு புடவை உருப்பெறும். பாவில் ஓர் இழை அறுந்தால் அதனைக் கண்டு முடிச்சிட நல்ல வெளிச்சம் வேண்டும். எனவே வெளிச்சமும் தறியின் ஓர் உறுப்பே எனலாம்.

கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் தமிழக அரசு 300 யூனிட்டாக உயர்த்தியது. பாராட்டத்தக்க செயல் இது. ஆதலின் சிறிய தறி வீட்டின் முதற்கவலை மின்கட்டணம் அன்று. மின்சாரம் நின்றுபோகும் நேரமே கவலை. 2012ஆம் ஆண்டளவில் தமிழகம் பட்ட மின்வெட்டுத் துயரை எவரும் மறந்திருக்க மாட்டார். இன்று அந்நிலை இல்லை எனினும், புயலிலும் பெருமழையிலும் பராமரிப்பு நாள்களிலும் விளக்கு அணையத்தான் செய்கிறது. நெய்த புடவைக்கே கூலி. இருளில் காத்திருந்த நேரத்திற்குக் கூலி ஏது?

இங்கேதான் கதிரவன் துணைக்கு வருகிறான். 100 வாட் சூரியத் தகடு, நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 0.4 யூனிட் மின்சாரம் தரும். 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு 5 மணி நேரம் எரிய 0.1 யூனிட் போதும். 25 வாட் மின்விசிறி 8 மணி நேரம் சுழல 0.2 யூனிட் போதும். மிச்சம், சேமிப்பில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டும்.

2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 1 கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாய் மானியம் அளிக்கிறது. ஆயினும் ஒரு நுட்பத்தை அறிதல் நலம். மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த தகடு, பேட்டரி இல்லையெனில், மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். மேலும், வாடகை வீட்டில் வாழும் நெசவாளர்க்குச் சொந்தக் கூரையும் இல்லை. அவர்க்கு ஏற்றது, வீடு மாறும்போது கழற்றிச் செல்லத்தக்க சிறிய தகடும் பேட்டரியுமே.

பட்டுத் தொழிலில் கதிரொளி புகுவது புதிதன்று. வடமாநிலங்களில் டசர் பட்டு நூற்கும் பெண்கள், தொடையின் மேல் இழையை உருட்டி உருட்டித் தோல் புண்பட உழைத்து வந்தனர். சூரிய ஆற்றலால் இயங்கும் நூற்பு இயந்திரங்கள் இன்று அவர்களுள் பலரை அத்துன்பத்தினின்று விடுவித்துள்ளன.

விலை கொடுக்க ஏழையால் இயலுமா என்னும் ஐயம் எழலாம். 1995இல் பெங்களூரில் செல்கோ நிறுவனத்தைத் தொடங்கி, 2011இல் மகசேசே விருது பெற்ற ஹரிஷ் ஹந்தே இதற்கு விடை கண்டார். தெருவோர வியாபாரிக்கு மாதம் 300 ரூபாய் பெரும் சுமை. நாள்தோறும் 10 ரூபாய் எளிது என்பதை அவர் உணர்ந்தார். தொகை ஒன்றே, ஆனால் கையில் பணம் வரும் நாளும் தவணை நாளும் ஒன்றுபட வேண்டும்.

நெசவாளர் கையில் பணம் வரும் நாள் எது? புடவையைத் தறியினின்று அறுத்துக் கொடுக்கும் நாள். அந்நாளிலேயே ஒரு சிறுதொகையைச் செலுத்துமாறு வட்டியில்லாக் கடன் வழங்க அறக்கட்டளைகள் முன்வரலாம். முதல் வீடு திருப்பிய பணம் அடுத்த வீட்டின் விளக்காகும். தகட்டைத் துடைத்துப் பேட்டரியைப் பேணத் தெருவுக்கு ஓர் இளைஞர்க்குப் பயிற்சி அளித்தல் இன்றியமையாதது. பேணாத விளக்கு ஈராண்டில் மூலையில் கிடக்கும்.

இலவசமாகப் பெற்றதைக் காட்டிலும் தன் உழைப்பால் கடன் அடைத்துச் சொந்தமாக்கிய விளக்கு, நெசவாளர்க்கு வெளிச்சத்தோடு தலைநிமிர்வையும் தரும். விழா நாளில் ஏற்றும் விளக்குகளோடு, தறிக்கு ஒரு விளக்கும் ஏற்றுவோமாக!