சுரங்க ஊரில் மனை விலை
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மில் லைன் வீட்டில் குடியிருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வேலை போனால் வீடும் போகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொந்த மனை வேண்டும் என்ற ஆசை அதிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அந்த மனைக்கு விலை வைப்பவன் யார்? எதைப் பார்த்து வைக்கிறான்?

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், மொரன்பா என்றொரு சிற்றூர் இருக்கிறது. எஃகு ஆலைகளுக்கான நிலக்கரியை வெட்டுவதற்காக, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு அமெரிக்கக் கம்பெனி எழுப்பிய ஊர். வீடுகளையும் கம்பெனியே கட்டி, தொழிலாளிக்குச் சொற்ப வாடகைக்கு விட்டது.

2011-ல் வெள்ளம் வந்து அங்கே சுரங்கங்கள் முடங்கின. அந்த நிலக்கரியின் விலை டன்னுக்கு 330 அமெரிக்க டாலர் வரை ஏறிற்று. வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஊரைச் சுற்றியோ சுரங்கக் குத்தகை நிலம். வீடு கட்ட இடமில்லை. வெளியூர்ப் பணம் பாய்ந்தது. 2012 வாக்கில் சாதாரண வீடு 7 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிற்று. அதே பலகை, அதே கூரைதான்! சுரங்கத் தொழிலாளிக்காவது கம்பெனி வாடகையில் கைகொடுத்தது. கடைச் சிப்பந்தியும் நர்சும் எங்கே போவார்கள்?

புது மனைக்கு நியாயமான கணக்கு ஒன்று உண்டு. சாலை, குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பம் ஆகியவற்றின் செலவைக் கூட்டி மனைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. நிலக்கரி விலைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘சந்தை என்ன தரும்’ என்று கேட்டு விலை வைத்தால்தான் மனையின் தலையில் நிலக்கரி ஏறி உட்காருகிறது.

“மலிவாகக் கொடுத்தால் வாங்கியவன் மறுநாளே அதிக விலைக்கு விற்றுவிடுவானே” என்று ஒரு தோழர் கேட்டார். சரியான கேள்வி. மலிவு விலை மட்டும் போதாது. அங்கே குடியிருப்பவருக்கே மனை. விற்பதானால் கொடுத்த அரசுக்கே திருப்பி விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும்.

2016 தொடக்கத்தில் நிலக்கரி 81 டாலருக்கு விழுந்தது. வீடு 2 லட்சத்துக்கும் கீழே போயிற்று. உச்சத்தில் கடன் வாங்கி வாங்கியவனுக்குக் கடன் மட்டும் இறங்கவில்லை. இதற்கிடையே, 2014-ல் பக்கத்தில் திறந்த ஒரு சுரங்கம் தூரத்து நகரங்களிலிருந்து ஆட்களை விமானத்தில் கொண்டுவந்து முகாமில் தங்கவைத்தது. உள்ளூரில் இருந்தவனுக்கு அங்கே வேலை கிடையாது! ஊரில் எத்தனை பேர் வாழ்வார்கள், மனைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கம்பெனி டைரக்டர்கள் ஒரு கையெழுத்தில் தீர்மானித்தார்கள். ஊருக்குப் பக்கத்திலுள்ள பெரிய சுரங்கங்கள் முழுக்க வெளியாட்களை வைத்தே நடத்தக் கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தது 2017-ல்தான்.

நம் பக்கத்தில் ஆலைக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்தால், தொழிலாளர் மனை எத்தனை, என்ன கணக்கில் விலை என்று சங்கம் அப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். அஸ்திவாரம் போட்ட பிறகு போனால், நமக்கு முன்னால் புரோக்கர் வந்து கொடி நட்டிருப்பான்.