காரைக் கழுவுதலும் உலர்த்துதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் சமயமும் பேசப்பெறும் இம்மேடையில், இரயில்வே அலுவலகத்துக் குமாஸ்தா ஒருவன் கார் கழுவுவதைப் பற்றிப் பேச எழுந்தது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் நம் குடியிருப்பில் இன்று நிற்கும் வண்டிகளுட் பல மாதத் தவணையில் வாங்கப்பெற்றவை. தவணை தீருமுன்னரே வர்ணம் மங்கி, விளிம்பில் துருவும் தலைகாட்டுமாயின் அது நகைப்புக்குரிய செய்தியன்று.

நாம் வாழும் திருவனந்தபுரம் கடலை அடுத்த நகரம். சங்குமுகத்திலிருந்து வரும் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. அவ்வுப்புக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே நிற்கும் மதில் வர்ணப் பூச்சே. அம்மதிலின் கனம் எவ்வளவென்று எண்ணுகிறீர்கள்? ஆலையில் பூசும் பூச்சுகள் அனைத்தும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மேலேயுள்ள நிறமற்ற பளபளப்புப் பூச்சோ பெரும்பாலும் ஒரு தலைமயிரின் பருமன்கூட இராது.

இத்துணை மெல்லிய பூச்சைப் பெரிதும் கெடுப்பது நாம் அன்போடு எடுக்கும் துணியே என்பது என் துணிபு. காலையில் எழுந்ததும் உலர்ந்த துணியால் வண்டியைத் துடைப்பது நம்மவர் பலரின் வழக்கம். சுறுசுறுப்பு பாராட்டத்தக்கது, விளைவு அத்தகையதன்று. இவ்வூர்ச் செம்மண் தூசியில் கண்ணாடியையும் கீறவல்ல படிக மணல் கலந்திருக்கிறது. துணிக்கும் வர்ணத்துக்கும் நடுவே அதனை வைத்துத் தேய்ப்பது உப்புக்காகிதம் கொண்டு தேய்ப்பதை ஒக்கும். நண்பகல் வெயிலில் வண்டியை உற்று நோக்குங்கள். சிலந்தி வலை போன்ற வட்டக் கீறல்கள் தோன்றும்.

ஆற்றுகால் பொங்காலை நாளை நினைவுகூருங்கள். கும்ப மாதத்துப் பூர நாளில் தெருவெங்கும் அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடுகின்றனர். மாலையில் வண்டிகளின்மேல் சாம்பல் படிந்து கிடக்கிறது. அது பாத்திரம் துலக்கப் பயன்பட்ட அதே சாம்பல் என்பதைத் தாய்மார்கள் நன்கறிவர். கரியேறிய பாத்திரத்தைப் பளிச்சிடச் செய்யும் பொருள், வர்ணத்தை என்ன செய்யும்? நனைந்தால் அதிலிருந்து காரமும் ஊறும். ஆதலின் அன்று துணியைத் தொடாமல், தாராளமாக நீரூற்றிச் சாம்பல் முழுதும் வழிந்தோடச் செய்தல் வேண்டும்.

கழுவும் முறை கடினமன்று. வண்டி நிழலில் நிற்கட்டும். பானெட் கைக்குக் குளிர்ந்திருக்கட்டும். முதலில் கூரையிலிருந்து கீழ்நோக்கி வெறும் நீரை ஊற்றி, மண் ஊறியபின் மீண்டும் ஊற்றுக. பின்னர் இரண்டு வாளிகள். ஒன்றில் காருக்குரிய ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். துணியை வெறும் நீரில் அலசிப் பிழிந்த பின்னரே ஷாம்பு நீரில் மீண்டும் தோய்க்க வேண்டும். இவ்வொரு செயலை விட்டால் ஏனைய யாவும் வீண். ஏனெனில் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுகிறோம். மேலிருந்து கீழாக, வட்டமிடாமல் நேராகத் துடைத்து, சக்கரங்களை வேறு துணியால் இறுதியில் கழுவுக. பாத்திர சோப்பு மெழுகுப் பூச்சை அகற்றிவிடும். தேங்காய் நாரால் காரைத் தேய்த்த அன்பர் ஒருவரையும் நம் குடியிருப்பில் கண்டிருக்கிறேன். அவர் பெயர் வேண்டா!

பறவை எச்சத்தை நகத்தால் சுரண்டலாகாது. நனைத்த துணியைச் சில நிமிடம் அதன்மேல் இட்டுவைத்தால் தானே இளகும். அதிலுள்ள அமிலம் வெயிலிற் பூச்சை அரிப்பதால் மறுநாள்வரை பொறுத்தல் ஆகாது. கடற்கரைக்குச் சென்று வந்தால் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நீர் பாய்ச்சுக. துரு பலவேளை அங்கேதான் தொடங்குகிறது.

உலர்த்துதலைப் பலர் வெயிலுக்கே விட்டுவிடுகின்றனர். நீர் ஆவியாகும், அதிற் கரைந்த உப்புகளோ வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும். மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தாற் போதும், அழுத்தவே வேண்டா. தையலும் பொத்தானும் உள்ள பழைய சட்டை இதற்கு உதவாது. கதவிடுக்குகளையும் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே உறையிடுக. தூசி படிந்த வண்டிக்கு உறையிட்டால் காற்றில் அவ்வுறையே அரமாகும்.

திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அவர்கள், 1950களில் வாங்கிய மெர்சிடஸ் பென்ஸ் 180 வண்டியை 2013இல் தாம் மறையும்வரை போற்றி வைத்திருந்தார்கள். அரண்மனைக்குப் பணியாளர் உண்டு. நமக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. சித்திரையில் குழாய்நீர் குறையுங்கால் ரப்பர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது அண்டை வீட்டார்க்கும் இடர். ஐந்தாறு வாளி நீரே போதுமானது.

ஐயமுடையோர் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாயிலுக்கு வரலாம், செய்து காட்டுகிறேன். துணியை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டுகிறேன்.