அடக்கியவர் காத்த பெருமிதம்: ஆய்வரங்கத் தலைமையுரை



எதிர்ப்பைக் கொண்டாடும் வரலாற்று ஓவியம் என்றதும் எம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இலியா ரெப்பினின் சப்பரோஜியக் கோசாக்குகள்தான். அடிபணியச் சொன்ன துருக்கிச் சுல்தானுக்கு வசைமாரியாகப் பதில் எழுதியபடி வயிறு குலுங்கச் சிரிக்கும் கூட்டம் அது. 1880இல் தொடங்கியதை 1891இல்தான் முடித்தார். வரலாற்றாசிரியர் யவோர்னித்ஸ்கி தம் பழம்பொருட்களை இரவல் கொடுத்தார். ஓவியத்தில் கடிதம் எழுதுபவரும் அவரே. வாளும் உடையும் அவ்வளவு மெய். கடிதமோ பிற்காலப் புனைவு என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அந்தச் சிரிப்பை 35,000 ரூபிளுக்கு வாங்கியவர் ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர். கோசாக்குகளின் கோட்டையை 1775இல் அழிப்பித்த கத்தரீன் பேரரசி அவருடைய மூதாதை!

அடக்கியவர் வழியினரே எதிர்ப்பைப் போற்றும் இந்த முரண் எமக்கு மிக அருகிலும் உண்டு. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் புள்ளலூர் என்றொரு சிற்றூர். மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறும். ஆங்கிலேயர் வாயில் பொல்லிலூர் ஆகிவிட்ட அந்த இடத்தில் 1780 செப்டம்பர் 10ஆம் நாள் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் நிர்மூலமாக்கினர். காஞ்சியில் இருந்த ஆங்கிலேயத் தளபதி மன்றோ உதவிக்குப் போகவில்லை. கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் திப்பு அந்த வெற்றியை வரைவித்தார். வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கில் முடங்கிய பெய்லி, சுற்றி நெருங்கும் குதிரைப்படை. திப்புவோ ரோஜாவை முகர்ந்தபடி போகிறார். ரெப்பினின் ஒளியும் நிழலும் இங்கே தேட வேண்டாம். ஆனால் பெய்லியின் முகத்துத் திகைப்பு எந்த ஐரோப்பியத் தூரிகைக்கும் சளைத்ததல்ல என்பேன்.

சுவர் சொல்லாத செய்தியும் ஒன்றுண்டு. ஓராண்டு நிறையுமுன், 1781 ஆகஸ்டில், ஏறத்தாழ அதே நிலத்தில் ஹைதர் மீண்டும் பொருதினார். எதிரே நின்றவர் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். இம்முறை ஆங்கிலேயர் அழியவில்லை. வெற்றி தமதென்றே சொல்லிக்கொண்டனர். அந்தப் போருக்குச் சுவரில் இடமில்லை.

1799இல் திப்பு வீழ்ந்தபின் அம்மாளிகையில் குடியேறியவர் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி. சிதைந்திருந்த அந்த ஓவியத்தைச் சீர்செய்யச் சொன்னவரும் அவரே. பின்னர் அது வெள்ளையடிபட்டபோது திரும்பத் தீட்டுவித்தவர் டல்ஹௌசி பிரபு. தம்மவரின் தோல்வியை இவர்கள் ஏன் இவ்வளவு அக்கறையோடு காத்தார்கள்? பெருந்தன்மை என்ற விடை எனக்குப் போதவில்லை. வீழ்த்தப்பட்டவன் எவ்வளவு பெரியவனோ, வீழ்த்தியவன் புகழும் அவ்வளவு பெரிது. அடங்கிய பகையை அழகு பார்ப்பதில் ஆபத்துமில்லை. 2022இல் இந்த ஓவியத்தின் தாள்வடிவம் ஒன்று இலண்டன் ஏலத்தில் 6,30,000 பவுணுக்குப் போனது.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வீரத்தை விவரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். யார் வரைவித்தார், யார் வாங்கினார், யார் மீளத் தீட்டினார், எந்தப் போர் விடுபட்டது என்று கேளுங்கள். களனி விகாரையில் சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவர்களையும் அப்படியே பாருங்கள்.  எமது இலங்கைத் தீவில் ஆண்டவர்கள் எதைத் தீட்டுவித்தார்கள், எதைச் சுண்ணாம்பால் மூடினார்கள் என்பதும் இந்த அரங்கில் பேசப்படட்டும். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.