நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தார்
(திருத்தங்கல் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு வீட்டில் குழந்தை கொடுநோயுற்றால், "குழந்தைக்கு எப்படி இருக்கிறது?" என்று ஊரார் யாவரும் வினவுவர். அதன் அண்ணனையோ தங்கையையோ நோக்கி, "நீ சாப்பிட்டாயா?" என்று கேட்பவர் மிகச் சிலரே. அப்பிள்ளைகளைக் குறித்தே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

யாம் செய்த பிழையிலிருந்தே தொடங்குகின்றோம். எம் வகுப்பு மாணவன் ஒருவன் சில வாரமாக வீட்டுப்பாடம் எழுதாமலும் தலை வாராமலும் வந்தான், வகுப்பில் உறங்கினான். அவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தினோம். பின்னரே உண்மை தெரிந்தது. அவன் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய். தாய் தம்பியுடன் மதுரையில் இருந்தார். தந்தைக்குச் சிவகாசி அச்சகமொன்றில் இரவு வேலை. பத்து வயதுப் பிள்ளை இரவில் தனியே படுத்து, காலையில் பழஞ்சோறு உண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்திருக்கின்றான். நாணினோம். அருகழைத்து இருத்தியபோது அவன் கேட்டது ஒன்றே: "ஐயா, சண்டையிலே தம்பியைக் கீழே தள்ளிவிட்டேன். அதனாலேதான் அவனுக்கு இந்த நோய் வந்ததா?" அன்று என்றோம். நெடுநேரம் அழுதான். பிறகு, "பசிக்கிறது, ஐயா" என்றான்.

நிற்க. இஃது ஒருவன் கதை மட்டும் அன்று. பெரியோர் மறைத்துப் பேசும் வீட்டில், சிறுவர் தாமே காரணம் கற்பித்துக்கொள்வர். பல வேளை தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்வர். குழந்தைகட்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டு நீளும். எலும்பு மச்சை மாற்ற நேரின், உடன்பிறந்தார் ஒருவரது மச்சை முற்றும் பொருந்தும் வாய்ப்பு 4-இல் 1 பங்கே. பொருந்தாவிடின், தன்னால் ஆகவில்லையே என்று அப்பிள்ளை உள்ளுக்குள் குமைதலும் உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை மறவாது உழைத்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழச் செய்தார். அவர் கற்றறிந்த மருத்துவர். துயரைச் செயலாக்கும் வலிமை அவர்க்கு இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வலிமை ஏது? அதனை நாமன்றோ தருதல் வேண்டும்?

பெற்றோர் மூன்று சொற்களை அப்பிள்ளைக்குச் சொல்லுதல் வேண்டும்: "இந்நோய் உன்னால் வந்தது அன்று, இஃது ஒட்டுநோயும் அன்று, உன்னைக் கவனிக்க இன்னார் இருக்கிறார்." நாள்தோறும் தாய் குறித்த நேரத்தில் தொலைபேசியில் அதனோடு பேசுக; தம்பியின் மருந்தைப் பற்றியன்றி, அதன் பள்ளியையும் விளையாட்டையும் பற்றிப் பேசுக. எம்போன்ற ஆசிரியர் கடிந்துகொள்ளுமுன் வீட்டு நிலையை வினவுக.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். பிடியரிசியும் மகமையும் சேர்த்துப் பள்ளிக்கூடம் கண்டவர் நம் முன்னோர். விருதுநகரில் 1885-இல் தோன்றிய க்ஷத்திரிய வித்யாசாலையை யாவரும் அறிவீர். இன்றும் சிகிச்சைக்குப் பொருள் உதவுவோர் நம்மிடையே உளர். பொருளோடு சிறிது பொழுதும் ஈதல் வேண்டும். ஒருவேளைச் சுடுசோறு, ஒருமணி நேரப் பாடம், இரவில் நம் பிள்ளைகளோடு ஒரு பாய்: இவற்றை முறைவைத்துத் தெருவார் பகிர்ந்துகொண்டால், எவர்க்கும் சுமையாகாது.

தாய்மார்களே! அத்தகைய வீட்டு வாசலில் ஒரு பிள்ளை தனித்து நிற்கக் காணின், நோயைப் பற்றி வினவுமுன் அதன் பசியைப் பற்றி வினவுங்கள்.