குழுவிற் சேர்ந்த பிள்ளையும் குலையுங் குடும்பமும்
(மன்றத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



2009ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தது. இனியாவது நம் பிள்ளைகள் அச்சமின்றிப் படித்து முன்னேறுவர் என்று யாழ்ப்பாணத்துப் பெற்றோர் நம்பினர். ஆனால், சில ஆண்டுகளுள் 'வாள்வெட்டு' என்னுஞ் சொல் நாளிதழ்களிற் குடியேறியது. 'ஆவா' முதலிய குழுக்களின் பெயர்களைப் பாடசாலை மாணவருங்கூட அறிந்துகொண்டனர். முகத்தை மூடி மோட்டார் சைக்கிள்களில் வந்து ஆளை வெட்டுவதும், வீட்டை அடித்து நொறுக்குவதும், வாகனங்களுக்குத் தீ வைப்பதும் இத்தகையோரின் செயல்கள். பிடிபட்டவர்களுட் பதின்ம வயதினரும் இருந்தனர்.

வெட்டியவனையும் வெட்டுண்டவனையும் பற்றி ஊரே பேசுகின்றது. அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வீடுகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆதலின் அதனையே இன்று எடுத்துக்கொண்டேன்.

பிள்ளை குழுவிற் சேர்ந்ததும் அவனது பகை வீட்டுக்கும் உரியதாகின்றது. எதிர்க்குழுவினர் தேடி வரும்போது அவன் வீட்டில் இருப்பதில்லை. இருப்போர் தாயும் பாட்டியும் தங்கையுமே. உடைவது அவர்களுடைய கதவு. பின்னர் பொலிசார் வருவர். பிள்ளை விளக்கமறியலில் வைக்கப்பட்டால், சட்டத்தரணிக்குக் கொடுக்கத் தாயின் நகை அடகுக்குப் போகும். தங்கைக்குப் பேசிய கலியாணம் குழம்பும். தம்பியைப் பள்ளியில் "இன்னாரின் தம்பி" என்று சுட்டுவர்.

இவை யாவற்றினுங் கொடியது மௌனம். மகன் நள்ளிரவில் வருவதையும், அவன் கையிற் புதுப்பணம் புழங்குவதையும் முதலிற் காண்பவள் தாயே. அவள் யாரிடஞ் சொல்வாள்? கணவன் வெளிநாட்டில் உழைக்கின்றான். பொலிசிற் சொன்னால் மகன் மறியலுக்குப் போவான். அயலிற் சொன்னால் "வளர்த்த வளர்ப்பு அப்படி" என்பர். ஆகவே வாயை மூடிக்கொள்கின்றாள். அந்த மௌனமே குழுவுக்கு அரணாகின்றது.

வெட்டுண்டவனின் குடும்பத்துக்கு நீதி வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். அது நீதிமன்றின் கடமை. அதற்கு எவரும் இடையூறு செய்யலாகாது. ஆனால், தாயையுந் தங்கையையுந் தண்டிக்கும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தார்? 2018ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம் பிள்ளைகளின் குற்றப்பொறுப்பு வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியது. இளம் வயதின் இயல்பைச் சட்டமே கருத்திற் கொள்ளும்போது, 16 வயதுப் பையனை இனித் திருந்தான் என்று நாம் தள்ளிவைத்தல் முறையாகுமா?

தோழர்களே, பந்தடிக்க வருவதை நிறுத்திவிட்டவன் யார் என்பது பெரியோரைவிட நமக்கே முதலில் தெரியும். இந்தக் கிழமையே அவன் வீட்டுப் படலையைத் திறந்து, "தம்பி எங்கே அம்மா?" என்று கேட்போம். பெரியோர்களே, அவ்வீட்டு நன்மை தீமைகளுக்கு முன்போலவே சென்றுவாருங்கள். தன் பிள்ளையைப் பற்றி அஞ்சாமற் சொல்ல ஒருவர் இருக்கின்றார் என்ற துணிவு அந்தத் தாய்க்கு வரட்டும். பிள்ளையை மீட்கும் வேலை அங்கேதான் தொடங்குகின்றது.