பூப்பு வருமுன் பயிற்சி

ஆட்டிசம் உடைய பெண் குழந்தையை வளர்க்கும் தாய்மார்களை நோக்கியே இன்று பேச விழைகின்றோம். தந்தையரும் கேட்பது நன்று; வீட்டில் நாப்கின் வாங்கி வருபவர் பல வேளைகளில் அவரே அல்லரோ?

மற்றப் பெண் குழந்தைகள் பூப்பைப் பற்றிய செய்தியில் பாதியைத் தோழியரிடமும், மீதியைப் பெரியோர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சின் ஓரத்திலிருந்தும் அறிந்துகொள்கின்றனர். ஆட்டிசம் உடைய பெண்ணுக்கு இவ்வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. குறிப்பாகச் சொல்வது அவளுக்கு எளிதில் எட்டுவதில்லை; பல வேளைகளில் சொல்லுக்கு நேர்ப்பொருளையே கொள்வாள். நம் நாட்டிலோ மாதவிடாயைப் பெரும்பாலும் குறிப்பாலேயே பேசி வருகின்றோம். மராட்டியர் 'காகம் தொட்டுவிட்டது' என்பர். தமிழர் வீடுகளில் 'தூரம்' என்றும் 'பெரியவளாகிவிட்டாள்' என்றும் வழங்குவர். இவற்றைக் கேட்கும் குழந்தை காகத்தைத் தேடி முற்றத்துக்குப் போகக்கூடும்; நேற்றிருந்த உயரமே இன்றும் இருக்கக் கண்டு மயங்கக்கூடும். ஆதலால் கருப்பை, இரத்தம், மாதவிடாய் என்னும் பெயர்களையே கூச்சமின்றிச் சொல்லிப் பழக்குதல் முதற் கடமை.

இரத்தம் என்றால் காயம் என்று நாமே அவளுக்கு முன்னர்ச் சொல்லி வைத்திருக்கிறோம். முழங்காலில் அடிபட்டபோது ஓடி வந்து மருந்திட்டோம். அதே இரத்தத்தைத் தன் உள்ளாடையில் காணும்போது அவள் அலறாமல் என் செய்வாள்? 'இது காயம் அன்று. இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை வரும். பின்னர் நின்றுவிடும்' என்னும் மூன்று செய்திகளும் அந்நாளுக்கு நெடு முன்னரே அவள் மனத்தில் பதிந்திருத்தல் வேண்டும். ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவே. சிவப்புச் சாயம் கலந்த நீரை அவள் கண்முன் அளந்து நாப்கினில் ஊற்றிக் காட்டினால், சொல்லால் ஆகாதது கண்ணால் ஆகும்.

எப்பொழுது தொடங்குவது? மார்பு அரும்புதல் வழக்கமாக 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையே நிகழ்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருவது இயல்பு. இந்த இடைக்காலமே நமக்குக் கிடைத்த பயிற்சிக் காலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'மாதந்தோறும் இன்ன தேதியில் வரும்' என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடலாகாது. முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். சில வேளை அதனினும் தள்ளிப் போகலாம். நாட்காட்டியையே உலகமாகக் கொண்ட குழந்தைக்குத் தேதி பொய்த்தல் சிறு செய்தி அன்று. 'எந்நாள் என்று அம்மாவுக்கும் தெரியாது. வந்தால் இன்னது செய்வோம்' என்பதே உண்மையான விடை.

செய்வதை உறுப்புறுப்பாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டும். உள்ளாடையில் நாப்கின் அமையும் இடத்தை நிறநூலால் வரைந்து தைத்துவிட்டால் எங்கே ஒட்டுவது என்ற ஐயம் எழாது. ஒட்டுதல், எடுத்தல், தாளில் சுற்றுதல், கூடையில் இடுதல், கை கழுவுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து குளியலறைச் சுவரில் மாட்டலாம். நனைந்ததை உணர்ந்து மாற்றுவாள் என்று எதிர்பாராமல், கடிகாரத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப் பழக்குவது எளிது.

பூப்புக்குப் பல வாரங்களுக்கு முன்பே நாள்தோறும் சிறிது நேரம் நாப்கினை அணியச் செய்தல் நலம். சிலருக்கு அதன் சரசரப்பு ஒலியே பொறுக்காது. சிலருக்கு வாசனை ஆகாது. இறக்கை போன்ற ஓரங்கள் தொடையில் உரசுவது சிலருக்குத் தீப்பட்டாற்போல் இருக்கும். இதனைப் பிடிவாதம் எனக் கருதுவது தவறு. மெல்லிய பருத்தித் துணியையோ, உறிஞ்சும் அடுக்குத் தைத்த உள்ளாடையையோ அவள் ஏற்றுக்கொள்வாளாயின் அதுவே அவளுக்குரியது.

வயிற்றுவலியைச் சிலரால் எடுத்துரைக்க இயலாது. தலையை மோதிக்கொள்ளுதல், கையைக் கடித்தல், உறக்கமின்மை இவற்றுள் ஏதேனும் மாதவிடாயை ஒட்டி வருகிறதா என்று தாய் குறித்து வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. வலிப்பு நோய் உள்ள பெண்ணுக்கு இக்குறிப்பு இன்னும் இன்றியமையாதது.

சடங்கைப் பற்றி ஒரு சொல். தனிப் பாய், தனித் தட்டு, தனி மூலை என ஒதுக்குவது எக்குழந்தைக்கும் துன்பந்தான். நாளின் ஒழுங்கையே பற்றுக்கோடாகக் கொண்ட இக்குழந்தைக்கு அது இருமடங்கு. மேளமும் கூட்டமும் கனத்த பட்டும் அவளுக்குத் தண்டனையாக முடியலாம். உற்றார் வருந்தினால் வருந்தட்டும்.

இவ்வளவு உழைப்பு எதற்கு, கருப்பையையே அகற்றிவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். 1994-இல் புனேயை அடுத்த சிரூரில், அரசு இல்லம் ஒன்றிலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பலருக்கு அவ்வாறே செய்தனர். மாதவிடாய்த் தூய்மையைப் பேண அவர்களால் இயலாது என்பதே காட்டிய காரணம். மகளிர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. தெளிந்து அளித்த இசைவின்றிப் பிள்ளைப் பேற்றை ஒழிக்கும் சிகிச்சை எதனையும் மாற்றுத்திறனாளிக்குச் செய்யலாகாது என 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் விதிக்கிறது. இரத்தப் போக்கு மிகுந்து வாட்டினால் அதனைக் குறைக்க மருந்துகள் உண்டு. மகப்பேறு மருத்துவரிடம் கேட்கலாம். கருப்பையை அகற்றுவதால் தீயோர் கை அவள்மேல் படாது என்பதும் இல்லை; பட்டதை மறைக்கவே அது துணைபோகும்.

ஆகையால் 'யாரிடமும் சொல்லாதே' என்று மட்டும் அவளிடம் கூற வேண்டா. அதையும் எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவாள். மாற்றும் இடம் குளியலறை, சொல்லத்தக்கவர் அம்மா, பாட்டி, பள்ளியில் இன்ன ஆசிரியை என்று பெயர் சுட்டிச் சொல்லுக. உதவும்போது நாமும் 'தொடட்டுமா?' என்று கேட்டே தொடுவோமாக. பேச இயலாத பெண்ணாயின் 'வேண்டாம்' என்னும் அட்டை ஒன்று அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அவள் அதை நம்மிடமே நீட்டும் நாளும் வரும், அன்று கையை எடுத்துவிட வேண்டும்.